மூன்றாம் காட்சியில் சாகும் மைக்

எங்கள் பார்சல் கிடங்கு ஊழியர்கள் போடும் நாடகத்தில், என் அக்காவின் மைக் மூன்றாம் காட்சியில் செத்துப்போகும். ஒரு தடவை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஒத்திகைக்கு ஒத்திகை அதே காட்சி, கிட்டத்தட்ட அதே வசனம். "இத்தனை வருஷம் வாயே திறக்காம இருந்தேன். இன்னிக்குப் பேசப் போறேன்!" என்று அக்கா ஓர் அடி முன்னால் வருவாள். அத்தோடு சரி. அதற்கப்புறம் அவள் வாய் அசையும், சத்தம் வராது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் லோடுமேன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான்தான் நாடகத்தின் சவுண்ட். பதவிக்குத் தகுதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பீக்கர் ஒயரை எந்த ஓட்டையில் செருகினால் புகை வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான். மற்ற நேரத்தில் டெஸ்பாட்ச் குமாஸ்தா.

அக்கா பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். அவள் "டேய்" என்றால் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் லாரி நிற்கும். அப்படிப்பட்ட குரலுக்கு மைக் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நாடகத்தை எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடிக்கும் ஸ்டோர் ஆபீசர், அவரை எல்லோரும் டைரக்டர் என்றே கூப்பிடுவோம், சொன்னார்: "தாய் கத்தக் கூடாதுப்பா. கத்தினா அது தாய் இல்ல, சூப்பர்வைசர்." மேலே தகரக் கூரை, பக்கத்தில் ராட்சத மின்விசிறி. மெதுவாகப் பேசினால் மைக் இல்லாமல் எதுவும் கேட்காது.

இந்தத் தாய் வேஷம் அக்காவுக்குச் சும்மா வந்துவிடவில்லை. வருஷா வருஷம் அவளுக்கு ஒரே வேஷம்தான். தட்டில் தண்ணீர் டம்ளர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போகவேண்டும். வசனம் கிடையாது. ஒரு வருஷம் டம்ளரை "டொக்" என்று சத்தம் வரும்படி வைத்தாள். அதுதான் அவள் அதுவரை மேடையில் பேசியது. இந்த முறை முதல் தடவையாக வசனம் கிடைத்திருக்கிறது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தானுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. மாடி அறையில் குடியிருந்து அவள் சமையலைச் சாப்பிடுகிற எனக்கும்தான்.

மைக் மொத்தம் மூன்று. அக்காவுக்கு ஒன்று, டைரக்டருக்கு ஒன்று, வில்லியாக நடிக்கும் கேஷியர் மேடத்துக்கு ஒன்று. இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் இரண்டு பென்சில் செல். போன வருஷம் சாதாரண செல் ஒத்திகையிலேயே டப்பா டப்பாவாகத் தீர்ந்ததால், இனி சார்ஜ் ஏற்றுகிற செல்தான் என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார். பார்சலின் பார்கோடு படிக்கும் துப்பாக்கிகளில் உழைத்துக் களைத்த பழைய செல்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. புதிதாக நாலு செல் அடங்கிய ஓர் அட்டையும் ஒரு சார்ஜரும் வாங்க என்னை அனுப்பினார்கள்.

கடைக்காரர் இரண்டு சார்ஜர்களை எடுத்து வைத்தார். "இதுல ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி லைட். எது நிறைஞ்சதோ அது மட்டும் நிக்கும். அதுல ரெண்டுக்கும் சேர்த்து ஒரே லைட், ஜோடியாத்தான் ஏத்தணும். உங்களுக்கு முதல்ல சொன்னதுதாங்க நல்லது."

விலை அதிகமான பொருளை ஒருவர் நல்லது என்று சொன்னால் எனக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். லைட்டுக்கு லைட் காசு பார்க்கிறான் மனுஷன் என்று முடிவு கட்டி, ஜோடி சார்ஜரையே வாங்கிக்கொண்டு, அவரை மடக்கிய பெருமையோடு திரும்பினேன்.

வந்ததும் மேனேஜர் புதுச் செல் ஒன்றை எடுத்துத் தன் அறைக் கடிகாரத்தில் போட்டுக்கொண்டார். மீதி மூன்று. முதலில் இரண்டை அக்காவின் மைக்கில் போட்டேன். கேஷியர் மேடம் பார்த்துவிட்டார்.

"அக்காவுக்கு மட்டும் ரெண்டும் புதுசா? நல்ல தம்பிங்க நீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பாரபட்சம் என்ற சொல் என்மேல் ஒட்டவே கூடாது என்று அங்கேயே தீர்மானித்தேன். மைக்குக்கு ஒரு புதுசு, ஒரு பழசு. யாரும் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட முடியாது. ஒருவர் செல்லை இன்னொருவர் எடுக்காதபடி ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஸ்டிக்கர் வேறு ஒட்டினேன். பழையவற்றில் தோல் உரிந்து பார்க்கவே பாவமாக இருந்த ஒன்றை அக்காவுக்கு வைத்தேன். என் அக்கா ஆயிற்றே, இனி எவர் என்ன சொல்ல முடியும்? இதைவிட நியாயமான ஏற்பாட்டை எந்த நீதிமன்றமும் செய்திருக்காது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் மைக் சாக ஆரம்பித்தது. முதலில் காட்சி முடியும்போது. பிறகு நடுவில். பிறகு அந்த வசனத்திலேயே.

மைக்கில்தான் கோளாறு என்று நினைத்து, பெட்டிகளை மாற்றிப் பார்த்தேன். அக்காவின் பெட்டியை டைரக்டருக்கும், அவருடையதை அக்காவுக்கும். செல்களை மட்டும் ஸ்டிக்கர்படி அவரவருக்கே போட்டேன். அப்போதும் செத்தது அக்காவின் மைக்தான். டைரக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. அன்னிக்கும் மைக் போச்சுன்னா, ஞாயித்துக்கிழமை தாய் வேஷம் கேஷியர் மேடத்துக்கு. அவங்களுக்கு வசனம் பாடம்."

அக்கா விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"என் வசனம் அவளுக்கு எதுக்குடா பாடம்?"

"ஒத்திகையில கேட்டுக் கேட்டு வந்திருக்கும்க்கா."

"சார்ஜர் யார் ரூம்ல இருக்கு?"

கேஷியர் அறையில்தான் இருந்தது. பூட்டு உள்ள அறை அது ஒன்றுதான் என்பதால் நானே வைத்தேன். இப்போது அக்கா கேட்ட தினுசில், திருடனிடமே சாவியைக் கொடுத்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் உளவு வேலையில் இறங்கினேன். கேஷியர் அறைக் கண்ணாடிக்கு எதிரே அடுக்கியிருந்த மெத்தைப் பார்சல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மேடம் பணம் எண்ணினார். கொட்டாவி விட்டார். திடீரென்று எழுந்து நேராகச் சார்ஜரிடம் போய்க் குனிந்தார். நான் பாய்ந்து உள்ளே போனேன். தலையில் தெர்மாகோல் உருண்டைகள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"பச்சை லைட் வந்திடுச்சு. சூடாகுமேன்னு சுவிட்சை அணைச்சேன். நீங்க என்ன பண்றீங்க? முடியில என்னது?"

பச்சை விளக்கு எரிந்தது உண்மைதான். ஆனாலும் சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்தால் லேசில் வெளியே போகாது. நல்ல செல்லை எடுத்துக்கொண்டு அதே மாதிரி போலியை வைத்து, என் கையெழுத்திலேயே ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தால்? எங்கள் கிடங்கில் எந்தச் சந்தேகத்துக்கும் ஒரே வைத்தியம், தராசு. புதுச் செல் மூன்றையும் எடுத்துப்போய்ச் சின்னப் பார்சல் நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். போலி இலேசாக இருக்கும். மூன்றும் ஒரே எடை. யாரும் எதையும் மாற்றவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தராசையே ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒத்திகை தொடங்குவதற்கு முன்னால் அக்கா ஒரு காரியம் செய்தாள். மேஜையில் இருந்த கேஷியரின் மைக் பெட்டியைச் செல்லோடு எடுத்துத் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டாள். தன்னுடையதை அங்கே வைத்துவிட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள் என்று பிற்பாடு புரிந்தது.

மூன்றாம் காட்சியில் அக்கா பேசினாள். "இன்னிக்குப் பேசப் போறேன்" என்றவள் உண்மையிலேயே பேசினாள். கடைசி வரி வரை கேட்டது. லோடுமேன்கள் சிரிக்க மறந்துபோனார்கள். பிறகு கேஷியர் மேடம் வில்லிச் சிரிப்புச் சிரிக்க வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

அவர் இடுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அக்கா பெயர் எழுதிய ஸ்டிக்கர்.

"பார்த்தீங்களா சார்! இவங்களோட செத்த மைக்கை என் தலையில கட்டிட்டாங்க! இத்தனை நாள் என்னைச் சந்தேகப்பட்டுட்டு, வேலை பார்த்தது யாருன்னு தெரியுதா?"

"நீ என் வசனத்தை ஏன் பாடம் பண்ணே? அதைச் சொல்லு முதல்ல!"

"நீங்க மிஷின் மாதிரி நாள் பூரா அதையே சொன்னா, எனக்கென்ன காது இல்லையா?"

டைரக்டர் மேடை நடுவில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. எனக்குத் தாயே வேண்டாம். முதல் காட்சிக்கு முன்னாடியே தாய் செத்துட்டா. சுவர்ல போட்டோவா மாட்டிடறேன். போட்டோவுக்கு மைக் வேண்டாம்."

அக்கா மேஜைப் பக்கம் திரும்பினாள். மேடையில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தாள். குடிக்கவில்லை. சத்தம் வராமல் திரும்ப வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் அவளை எத்தனையோ கோலத்தில் பார்த்திருக்கிறேன். அப்படிச் சத்தம் வராமல் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

எல்லோரும் போனபிறகு அந்த இரண்டு செல்லையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்காவிடம் இருந்தபோது அக்காவுக்குச் செத்தது; கேஷியரிடம் போனபோது கேஷியருக்குச் செத்தது. ஆக, ஆளை விட்டுவிட்டுச் செல்லைப் பிடிக்க வேண்டும். இவ்வளவு நேரான விஷயம் என் மண்டையில் ஏற, மெத்தைப் பார்சலுக்குப் பின்னால் ஒளிய வேண்டியிருந்தது, பாருங்கள். எலக்ட்ரீஷியன் மேஜையிலிருந்து மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். புதுசில் முள் திடமாக எழுந்து நின்றது. தோல் உரிந்ததில் அசையவே இல்லை.

ஜோடியில் ஒன்றுக்கு உயிர், ஒன்றுக்கு இல்லை. அப்போதுதான் எனக்குக் காது சூடானது.

இரண்டு லோடுமேன் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்குகிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் இளவட்டம், ஒருவன் நோயாளி. நோயாளி உட்கார்ந்ததும் பெட்டி கீழே விழுந்துவிடும். இளவட்டத்திடம் பலம் மிச்சமிருந்து பயனில்லை. அப்புறம் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். இளவட்டத்துக்குப் பசி குறைவு, சீக்கிரம் எழுந்துவிடுகிறான். என் ஜோடி சார்ஜர் என்ன செய்யும்? ஒருவன் கை கழுவியதும் இரண்டு தட்டையும் எடுத்துவிடும். பச்சை விளக்கு! நோயாளி அரைப் பட்டினி. மறுநாள் இன்னும் சீக்கிரம் உட்காருவான். ஒத்திகைக்கு ஒத்திகை இதேதான் நடந்திருக்கிறது. மற்ற இரண்டு மைக்கிலும் இதே கதைதான். அவர்களுடைய பழசு அவ்வளவு நோஞ்சான் இல்லை. அக்காதான் மேடையில் அதிக நேரம் பேசுகிறவள். அவளுக்குத்தான் நான் பார்த்துப் பார்த்து அந்த நோயாளியைக் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா தாய் வேஷத்துக்கு வைத்திருந்த புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தத் தோல் உரிஞ்சதை எனக்கு வெச்சது யாரு?"

"நான்தான். நீ என் அக்காவாச்சேன்னு... யாரும் பாரபட்சம்னு சொல்லிடக் கூடாதில்ல."

அவள் புடவையைக் கீழே வைத்தாள். "ஏன்டா, ஊரெல்லாம் தேடி எதிரி பிடிச்சேனே, எதிரிக்கு நானே மூணு வேளை சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்! அடுத்த ஜென்மத்துல அந்தக் கேஷியருக்குத் தங்கச்சியாப் பொறக்கறேன். நல்ல செல்லாவது கிடைக்கும்."

அத்தான் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அவருக்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

மறுநாள் டைரக்டரையும் கேஷியர் மேடத்தையும் உட்காரவைத்து மீட்டரோடு எல்லாவற்றையும் காட்டினேன். மேடம் முள்ளை இரண்டு தடவை பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "அப்போ தாய் சாக வேண்டாமே சார்" என்றார். டைரக்டர் யோசித்தார். போட்டோவுக்குச் சட்டம் கிடைக்காத கவலை அவருக்கும் இருந்திருக்கும்போல. "மைக்குக்கு நீ பொறுப்பா?" என்றார். பொறுப்பு என்றேன்.

இரண்டு மைக்குக்கு நாலு புதுச் செல் வேண்டும். கையில் மூன்று. நாலாவது மேனேஜர் அறைச் சுவரில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. நாடகத்தன்று காலை, அவர் வாசலில் விருந்தினரை வரவேற்கப் போன சமயம், நாற்காலிமேல் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன். பழசில் ஒன்றைப் போட்டேன். கடிகாரம் சோம்பேறி, அதற்கு அந்தத் தெம்பே தாராளம். இந்த முறை எல்லாவற்றையும் நேரம் எடுத்துச் சார்ஜ் ஏற்றினேன், புதுசோடு புதுசு, பழசோடு பழசு. புதுசு அக்காவுக்கும் கேஷியருக்கும், பெயர் ஸ்டிக்கரையும் அதற்கேற்ப மாற்றி ஒட்டினேன். டைரக்டருக்குப் பழைய ஜோடி. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

டைரக்டரின் மைக் இரண்டாம் காட்சியிலேயே போய்விட்டது. அவர் குரல் இருக்கும் இருப்புக்கு யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை.

மூன்றாம் காட்சி. அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். "இத்தனை வருஷம் வாயே திறக்காம இருந்தேன்." நிறுத்தினாள். வசனத்தில் அப்படி நிறுத்தம் கிடையாது. ஸ்பீக்கரில் அவள் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. கேட்டது. "இன்னிக்குப் பேசப் போறேன்." மெதுவாகத்தான் சொன்னாள். கடைசி வரிசைவரை போனது. என் முன்னாலிருந்த பட்டன்கள் எல்லாம் மங்கலாகிவிட்டன. தூசு, கிடங்கில் எப்போதும் தூசுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா கேட்டாள். "கேஷியர் ஓரத்துல நின்னு கண்ணைத் துடைச்சாளே, நெஜமா அழுதாளா, நடிச்சாளா?"

"நெஜமாத்தான்க்கா."

"ம்." நம்பவில்லை. கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ சரிசெய்தாள். அவள் பெயர் ஸ்டிக்கரோடு இரண்டு புதுச் செல்.

"இதை ஏன்க்கா எடுத்துட்டு வந்தே?"

"அடுத்த வருஷத்துக்கு. உன்னை நம்ப முடியாது."

"சும்மா கிடந்தா வடிஞ்சிடும். நடுநடுவுல சார்ஜ் ஏத்தணும்."

"எதுல? அந்தப் பச்சைப் பொய்யிலயா?"

நாளைக்கே தனித்தனி விளக்கு உள்ளதாக வாங்கிவருகிறேன் என்றேன். அந்தக் கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் தெரியவில்லை. அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடி, நான் இருக்கும் பக்கத்திலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.