கிரிஜாவின் ஆரஞ்சு

சுமலதா மூன்றாவது முறையாகச் சீயக்காய்த் தூளை எடுத்து அண்ணியின் நகங்களைத் தேய்த்தாள். ஆரஞ்சு நிறம் அசையவில்லை. வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் அது நகக்கண் வரைக்கும் இறங்கியிருந்தது. வாசலில் நாலு புடவைகளைக் கட்டி மறைத்து, பெஞ்சின்மேல் கிடத்தி, கிரிஜாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“போகாது அத்தை. பெயின்ட் கரைக்கிற தின்னர் போட்டாத்தான் போகும்” என்றாள் கிரிஜாவின் மகள் வித்யாலட்சுமி.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். செத்தவளைத் தின்னர் போட்டுக் குளிப்பாட்டும் குடும்பம் லாலாகுடாவில் இதுவாகத்தான் இருக்கும் என்பது அந்தப் பார்வைக்குப் பொருள். பிறகு அவளே அண்ணியின் விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் மறைத்து வைத்தாள். விரல்கள் மெல்லத் திறந்துகொண்டன.

கிரிஜா காலை ஐந்தே முக்காலுக்குப் பால் பாக்கெட்டை எடுத்து வந்து சமையல் மேடையில் வைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ்காரன் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் பையை மூடினான். அறுபத்தொரு வயது. ரயில்வே ஒர்க்ஷாப்பின் பெயின்ட் பிரிவில் நாற்பது வருஷம் ரயில் பெட்டிகளுக்கு எண்ணும் கோடும் போட்டவள். போன வருஷம் ஓய்வு பெற்றபோது, “இனிமே எனக்குப் பிடிச்ச கலர அடிப்பேன்” என்று அறிவித்தாள். அறிவித்தபடியே கேட் பச்சையானது, இரும்பு பீரோ நீலமானது, கணவருடைய டிபன் கேரியர்கூடத் தப்பவில்லை.

அதன் பிறகுதான் யெஸ்டி. அவள் கணவர் நாராயணசாமி கல்யாணத்துக்கு முன் வாங்கிய பைக், பதினைந்து வருஷமாகச் சாக்கு போர்த்திக் கிடந்தது. வித்யா ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஷாமீர்பேட்டைத் தாண்டிப் போய், பாறையிலும் புழுதியிலும் வண்டி ஓட்டிவிட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருபவள். வாடகை வண்டியை எதற்கு ஓட்ட வேண்டும், இதைச் சரி பண்ணிக்கொடுங்கள் என்று அப்பாவைக் கேட்டாள். நாராயணசாமியும் அதே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். எஞ்சினைப் பிரித்து மாட்டினார், மட்கார்டை வெட்டி உயரே தூக்கினார், கல்லில் அடிபடாமல் சைலன்ஸரைப் பக்கவாட்டில் மேலே ஏற்றினார், எஞ்சினுக்கு அடியில் கனமான தகடு வைத்தார், புழுதியில் வழுக்காத பட்டன் டயர் போட்டார். அதுவரை வீட்டில் சண்டை இல்லை. நிறத்தில்தான் வந்தது.

வித்யாவுக்கு மேட் பிளாக் வேண்டும். கிரிஜா முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் பிடிவாதம் பிடிப்பதில் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரத்தம். மூன்று நாள் “சாப்டியா”, “ம்” தவிர வேறு பேச்சில்லை. நேற்று மாலை வித்யா ஆபீஸிலிருந்து வந்தபோது, பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே துணிக்கொடியில் பெட்ரோல் டாங்க் தொங்கிக்கொண்டிருந்தது. பளீரென்று ஆரஞ்சு. இரண்டு பக்கமும் தலைமுடி கனத்தில் இரண்டிரண்டு வெள்ளைக் கோடுகள். டேப் ஒட்டாமல், சுண்டுவிரலை ஊன்றி, ஒரே இழுப்பில் இழுத்தவை.

“அய்ய, ஆட்டோ மாதிரி இருக்கு. இத தேச்சுட்டு நானே கருப்பு அடிச்சிக்கறேன்” என்றாள் வித்யா.

கிரிஜா கோபப்படவில்லை. பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே, “க்ளியர் போட்டப்பறம் பாரு. அப்பறம் பேசு” என்றாள். நிறத்துக்கு மேலே அடிக்கிற பளபளப்புப் பூச்சைத்தான் க்ளியர் என்பாள்.

வித்யா கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போனாள். அதுதான் கடைசிப் பேச்சு. காலையிலிருந்து வருகிறவர்களெல்லாம், அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். தலைவலி என்று ஏதாவது சொன்னாளா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று வித்யா பொய் சொன்னாள்.

குளிப்பாட்டி முடித்து, கிரிஜாவுக்கு அரக்குப் புடவை கட்டி, பெரிதாகக் குங்குமம் வைத்து, நடு ஹாலில் கிடத்தினார்கள். நாராயணசாமி தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு அப்துல் ரஹீம் வந்தார். கிரிஜாவுக்குக் கீழே பெயின்ட் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்; தமிழைக் கற்றுக்கொண்டதே அவளிடம் திட்டு வாங்கித்தான் என்று சொல்லிக்கொள்வார். அழுது முடித்து முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வித்யா போய்ப் பார்த்தாள். டாங்குக்கு முன்னால், அதைத் தொடாமல், குனிந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து நாலு மணிக்கு முடிச்சேன்னு அக்கா போன் பண்ணாங்க” என்றார். “பேட்டி, மகளே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்க நக்கோ, வேண்டாம். கலர் அடிச்சா ஒரு நாளுக்குள்ள மேல க்ளியர் போட்டுடணும். இன்னைக்கு நாலு மணி தாண்டிட்டா க்ளியர் பிடிக்காது, உரிஞ்சுட்டு வரும். அப்பறம் உப்புப் பேப்பர் போட்டு எல்லாம் தேய்க்கணும். இந்தக் கோடும் போயிடும்.”

“போனாப் போகுது மாமா. தேய்க்கப் போறேன்னு நானே சொன்னேன் அம்மாகிட்ட” என்றாள் வித்யா.

ரஹீம் அவளைத் திட்டவில்லை. கிரிஜாவோடு ராணிகஞ்சுக்குப் பெயின்ட் வாங்கப் போன கதையைச் சொன்னார். தண்டவாளத்தில் வேலை செய்கிற கேங்மேன் போடுகிற ஆரஞ்சு மேல்சட்டை ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி, பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாளாம் கிரிஜா. கடைக்காரன் நாலு தடவை கலந்து காட்டியும் ஒப்பவில்லை. வெயிலில் கொண்டுபோய், தெருவுக்கு அந்தப் பக்கம் ரஹீமை நிற்கவைத்து, மேல்சட்டையையும் சாம்பிளையும் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாளாம்.

“என் பொண்ணு எங்கயாவது புழுதில விழுந்து கெடந்தா, தூரத்துல வர்றவன் கண்ணுக்குத் தெரியணும் ரஹீம்னாங்க.”

வித்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிரிஜாவின் அப்பா கேங்மேன். காக்கி உடுப்பில், பனி மூடிய ஒரு விடியற்காலை தண்டவாளத்தில் அடிபட்டு இறந்தவர். அவருக்குப் பதிலாகத்தான் இருபது வயதில் கிரிஜாவுக்கு ரயில்வே வேலை வந்தது. வித்யாவுக்கு இந்தக் கதை ஐந்து வயதிலிருந்து தெரியும். தெரிந்தும், நிறத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

அழுது ஓய்ந்ததும், “நீங்க அடிச்சுக் குடுங்க மாமா” என்றாள்.

இப்போது முடியாது என்றார் ரஹீம். வீடு முழுக்க ஆள் நடமாட்டம், கிளம்புகிற புழுதியெல்லாம் ஈரப் பெயின்ட்டில் வந்து உட்காரும். ஒரு மணிக்கு எடுக்கிறார்கள். போய்த் திரும்ப நாலு மணி தாண்டிவிடும். “அக்காவுக்குத் தோள் குடுக்க வந்திருக்கேன் பேட்டி. அதை விட்டுட்டு நான் இங்க நிக்க முடியாது. நீ அடி. அடியில போட்ட ப்ரைமர் நீதானே அடிச்ச?”

ரெண்டு பங்கு க்ளியர், அதை இறுகவைக்கிற ஹார்டனர் ஒரு பங்கு, டாங்குக்கும் ஸ்ப்ரே கன்னுக்கும் ஒரு சாண் தூரம், கை எங்கேயும் நிற்கக் கூடாது, முதல் பூச்சு லேசாக, பத்து நிமிஷம் விட்டு இரண்டாவது. சொல்லிவிட்டு அவள் கைகளைப் பார்த்தார். தலைக்கு எண்ணெய் வைத்த கை, இன்னும் பிசுபிசுத்தது. “எண்ணெய்க் கை பட்டா அந்த எடத்துல க்ளியர் ஒட்டாது, குழி குழியா நிக்கும். நல்லாக் கழுவு.”

வித்யா உள்ளே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு விஷயத்தைச் சொன்னாள். நாராயணசாமி மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று அவள் எழுந்திருக்கும்போது, கையைப் பிடித்து நிறுத்தினார்.

“காத்தடிக்கிற கம்ப்ரஷர்ல தண்ணி நிக்கும். மொதல்ல அதத் தொறந்து விட்டுரு.”

ஒரு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் சுடுகாட்டுக்கு ஆண்கள்தான். வலப்பக்கம் முன்னால் ரஹீம் தோள் கொடுத்துப் போவது தெரிந்தது. அவர் உயரம் மற்றவர்களுக்குச் சரியாக வராமல் கொஞ்சம் குனிந்து நடந்தார். அவர்கள் திரும்பி மறையும் வரை வித்யா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்ததும் வீட்டைக் கழுவ வேண்டும். சுமலதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஹாலில் வாளி வாளியாக ஊற்ற ஆரம்பித்தாள். வித்யா குளித்துவிட்டு, தலைமாட்டு இடத்தில் விளக்கேற்றி, மிச்சமிருந்த சீயக்காய்த் தூளை முழங்கை வரை போட்டுத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்து மறுபடியும் கழுவினாள். பழைய சட்டையும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து அத்தை வாளியைக் கீழே வைத்தாள்.

வித்யா விஷயத்தைச் சொன்னாள். அத்தை கேட்கக்கூட விரும்பவில்லை. பொணம் போய் ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, மிஷின் போட்டுப் பெயின்ட் அடித்தால் தெரு என்ன பேசும், அண்ணி ஆத்மா சாந்தி அடைய வேண்டாமா, பதினாறு நாள் கழித்து அடித்தால் என்ன என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். மணி இரண்டே கால்.

“பதினாறு நாள் கழிச்சா அம்மா போட்ட கோடு இருக்காது அத்தை” என்றாள் வித்யா. “அம்மா எப்பவும் தண்ணி ஊத்தித் தரைய நனைச்சுட்டுத்தான் அடிப்பா. புழுதி அடங்கறதுக்கு. நீங்க எப்படியும் கழுவறீங்க. பின்கட்டையும் சேத்துக் கழுவுங்க.”

சுமலதா செருகியிருந்த புடவையை இன்னும் இறுக்கிச் செருகினாள். பிறகு வாளியைத் தூக்கினாள். பின்கட்டு முழுக்க ஊற்றினாள், சுவரில் அடித்தாள், கொய்யா மரத்தடியில் அடித்தாள். “அந்த மூலைக்கு வேணுமா?” என்று கேட்டுக் கேட்டு ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அழுதாள்.

வித்யா கம்ப்ரஷரின் அடித்திருகைத் திறந்தாள். துருத் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வந்தது. மூடிவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். அந்தச் சாவு வீட்டு அமைதியில் அது போட்ட சத்தம் அவளுக்கே கூச்சமாக இருந்தது. முன்பக்கம் யாரோ எட்டிப் பார்த்து என்ன சத்தம் என்று விசாரிப்பது கேட்டது. “வீடு கழுவறோம், தண்ணி மோட்டார் ஓடுது” என்று அத்தை தெலுங்கில் கூசாமல் சொல்லிக் கேட்டைச் சாத்தினாள்.

முதல் பூச்சு லேசாக விழுந்தது. ஒன்றும் தெரியவில்லை, பனி படிந்தது போல மங்கலாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் நின்றாள். இரண்டாவது பூச்சில் முகமூடிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று கையை ஓட்டினாள். டாங்கின் அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு கணம் கை நின்றுவிட்டது. ஸ்ப்ரே கன்னைக் கீழே இறக்கிவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள்.

நேற்று பார்த்த ஆரஞ்சு இல்லை அது. உள்ளே ஆழம் வந்திருந்தது. கோடுகள் நிறத்துக்கு மேலே இல்லாமல் அதற்குள்ளேயே ஓடின. தகரக் கூரையின் இடுக்கு வழியாக விழுந்த வெயில் அதில் பட்டுச் சுவர் வரைக்கும் நிறம் அடித்தது.

“நல்லா இருக்கும்மா” என்றாள் வித்யா. முகமூடிக்குள் அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. மணி மூன்று பத்து.

நாலரை மணிக்கு நாராயணசாமி பின்பக்கச் சந்து வழியாக வந்தார். உள்ளே வராமல் குழாயடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டார். சுமலதா கதவு வழியாக நீட்டிய உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, நனைந்ததைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பழக்கத்தில் கொடியை நோக்கி வந்தார். நின்றார்.

குனிந்து ஒரு பக்கம் பார்த்தார். சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தார். வித்யா சுவரோரம் முக்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“அடில வழிஞ்சிருக்கு” என்றார்.

“தெரியும்ப்பா. கை நின்னுடுச்சு.”

“அவளுக்கும் மொதல்ல வழிஞ்சுது. கேட்டுல, கீழ்ப் பக்கம். ஹவ், ஆமா, யாருக்கும் காட்ட மாட்டா.”

கொடியில் இன்னும் நிறைய இடம் இருந்தது. ஆனால் ஈர வேட்டி போட்டால் கொடி ஆடும். துளி தெறிக்குமென்று அவர் வேட்டியை உதறக்கூட இல்லை. பின்கட்டின் அந்தக் கோடிக்கு, கொய்யா மரத்தைத் தாண்டி இன்னும் வெயில் மிச்சமிருந்த இடத்துக்குப் போனார். திரும்பி டாங்கைப் பார்த்தபடி நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து வேட்டியைக் காற்றில் பிடித்தார். முழு வேட்டியைப் பிடிக்க அவர் கை நீளம் போதவில்லை. பாதி தரையைத் தொட்டது. தூக்கினார், மறுபடி தொட்டது.

வித்யா கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் மறுமுனையை எடுத்தாள். அவர் பின்னால் நகர்ந்து இடம் விட்டார். பெயின்ட் காய இரவாகிவிடும். வேட்டி காய ஒரு மணி நேரம் போதும். இருவரும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.