யார் முதலில் பேசுவது?

ஜெர்மனும் பிரெஞ்சும் பேசும் எங்கள் பீல் ஊரில் யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ, அவர்கள் மொழிதான். நீங்கள் ஜெர்மனில் ஆரம்பித்தால் எதிராளியும் ஜெர்மனில் பதில் சொல்வார். பிரெஞ்சில் ஆரம்பித்தால் பிரெஞ்சில். கடை, பேருந்து, சாவு வீடு, எங்கும் இதுதான் வழக்கம். என் மொழிக்கு மாறுங்கள் என்று கேட்பது, விருந்துக்கு வந்தவரிடம் தட்டைக் கழுவச் சொல்வது மாதிரி. யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தப் பாழாய்ப்போன மரியாதையால்தான் எல்சா நுஸ்பாமரின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதில் எனக்கும் பங்குண்டு.

எல்சாவும் நானும் மலைக்குப் போகும் இழுவை ரயிலின் கீழ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறோம். நுஸ்பாமர் என்பது ஜெர்மன் பெயர்தான். ஆனால் அந்த மொழி அவள் தாத்தாவோடு போய்விட்டது. வீட்டில் பிரெஞ்சு மட்டும். மார்ச் மாதம் ரெனே ஹாபெகர் என்ற லிஃப்ட் மெக்கானிக் வந்தார். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு, ஜெர்மனில் ஒரு டிக்கெட் கேட்டார். இவளும் ஜெர்மனில் கொடுத்தாள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை தவறாமல் மனிதர் மலையேறினார். அப்புறம் காபி, அப்புறம் ஏரியில் படகு. நாலு மாதம், எல்லாம் ஜெர்மனில். எல்சாவின் ஜெர்மனைக் கேட்டால், அந்த மொழிக்காரியான எனக்குப் பல் கூசும். அவர் டிக்கெட் ஜன்னலில் திக்கித் திணறியதை நான் காதல் என்று நினைத்துக்கொண்டேன். தன் உச்சரிப்பே காதில் விழாத எல்சாவுக்கு அவர் உச்சரிப்பா விழப்போகிறது?

ஜூலையில் ஒரு நாள் கண் கலங்க வந்து நின்றாள்.

"வ்ரேனி, அவர் கேட்டுட்டார்."

"என்னன்னு?"

"'வீடு இருக்கு. சின்னது. நீ வா. பெருசு ஆகும்.' இதான் சொன்னார். ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்னுட்டேன்."

"இதுக்கு எதுக்குடி ஞாயித்துக்கிழமை வரைக்கும்?"

அவளுக்குக் காரணம் இருந்தது. முன்பு ஒருவன் தேனொழுகும் பிரெஞ்சில் ஆறு வருஷம் பேசி, ஏமாற்றிவிட்டுப் போயிருந்தான். "இவர்கிட்ட பொய் சொல்ற அளவுக்கு வார்த்தையே இல்ல, வ்ரேனி. அதனாலதான் நம்புறேன்" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வா, நானும் ஆளைப் பாக்கறேன்" என்றேன். அன்று அவர்கள் வந்தபோது கதவைத் திறந்தது என் கணவர் அர்மான். அவர் சுத்த பிரெஞ்சுக்காரர். "வாங்க, வாங்க, உள்ள வாங்க!" என்று தன் மொழியில் வரவேற்றார். முதலில் பேசியவர் அவர்தானே! ரெனேயும் மரியாதையாகப் பிரெஞ்சிலேயே ஆரம்பித்தார். ஆரம்பித்தார் என்றா சொன்னேன்? அணை உடைந்தது.

"என்ன சார் இது அநியாயம்! லிஃப்ட் மெக்கானிக்கக் கூப்பிட்டு நாலு மாடி படியேற விட்டுட்டீங்களே! சீஸ் வாசனை மட்டும் வரலேன்னா ரெண்டாவது மாடியோட திரும்பியிருப்பேன். உங்க மாடிப்படிக்கு வயசு நூறாவது இருக்கும், எங்க அம்மா முட்டி மாதிரி முனகுது..."

எல்சா மழைக்கோட்டிலிருந்து ஒரு கையை மட்டும் உருவியபடி அப்படியே நின்றாள்.

"நீங்க பிரெஞ்சா?"

அவர் திரும்பினார். "நீயுமா?"

அர்மான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும்தான். ரெனே கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். எல்சா சிரிக்கவில்லை.

மேஜையில் அவர் வாய் ஓயவில்லை. ஜோக், பாராட்டு, அண்டை வீட்டுக்காரர்கள் மாதிரி நடிப்பு. நல்ல மனிதர், எனக்குப் பிடித்துவிட்டது. எல்சா ரொட்டித் துண்டை முள்கரண்டியில் குத்தி, உருக்கிய சீஸ் சட்டியில் விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அது கழன்று உள்ளே விழுந்ததுகூடத் தெரியவில்லை. அடுப்படியில் என்னிடம் சொன்னாள்:

"இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியல. நாளைக்கு வேண்டாம்னு சொல்லப் போறேன்."

"பேசினா குத்தமா?"

"அவனும் இப்படித்தான் சிரிக்க வெச்சான்."

இரவெல்லாம் அர்மானைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ரெனே எல்சாவின் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார். வாயைத் திறக்கவில்லை. ஜெர்மனும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. எல்சாவும் பேசவில்லை. எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது: எதில் ஆரம்பிப்பது என்பதை அவர் அவளுக்கே விட்டுவிட்டார். முந்தின இரவு மூச்சு விடாமல் பேசிய மனிதர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

வரிசை நீண்டது. "என்னங்க, வண்டி போயிடும்!" என்று ஒருவர் ஜெர்மனில் கத்தினார். "தூங்கிட்டாங்களா முன்னால?" என்று ஓர் அம்மாள் பிரெஞ்சில் கேட்டாள். வண்டி போயே விட்டது. அவர் அசையவில்லை.

எல்சா பிரெஞ்சில் ஆரம்பித்தாள்.

"நேத்து எதுக்கு அவ்வளவு பேசினீங்க?"

"பயம். நீ முகத்த அப்படி வெச்சிருந்த. நிறுத்தினா எந்திரிச்சுப் போயிடுவியோன்னு."

"இப்ப பேசுங்க. உங்க பாஷைதானே, கொட்டிக் கிடக்குமே. எதுக்கு உங்களைக் கட்டிக்கணும், சொல்லுங்க பாப்போம்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். காதுவரை சிவந்துபோனார். ஏதோ சொல்ல வந்து, தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஒண்ணுமே வரல, எல்சா" என்றார். "இதுலயும் வரல."

எல்சா ஜன்னலை இழுத்து மூடினாள். போச்சு என்று நினைத்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்து, பக்கக் கதவைத் திறந்து, வெளியே அவரிடம் ஓடினாள்.