மூக்கடைப்பு

முப்பது தடவை எதிரியின் மண்ணுக்கு மேலே பறந்து, குண்டு போட்டு, உயிரோடு திரும்பினால் அமெரிக்காவுக்குக் கப்பல். எங்களுக்கு அதுதான் கணக்கு. எங்கள் விமானத்தில் எல்லாரும் இருபத்தொன்பது முடித்திருந்தோம். கடைசித் தடவைக்குக் கிளம்புகிற அன்று காலையில் எனக்கு மூக்கடைப்பு.

இங்கிலாந்தின் இந்தப் பாழாய்ப்போன ஈரம்தான் காரணம். நான் விமானத்தின் வாலில் உட்கார்ந்து சுடுகிறவன். மூக்கு அடைத்திருக்கும்போது அவ்வளவு உயரம் போனால் காது ஜவ்வு கிழிந்துவிடும் என்றார் டாக்டர் பிரெவிட். கிழிந்தால் கிழியட்டும், ஒற்றைக் காதோடு ஊர் போய்ச் சேர்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. என் இடத்தில் மேப்ரியை ஏற்றினார்கள். புதிதாக வந்த கூட்டத்தில் ஒருவன், என்னைவிட ரொம்ப மூத்தவன், வழுக்கைத் தலை.

கடைசித் தடவை முடித்து வருகிறவர்கள் விமானத் தளத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை உரசுகிற மாதிரி தாழப் பறந்துவிட்டுத்தான் இறங்குவார்கள். மேலதிகாரிகள் திட்டினாலும் யாரும் விடுவதில்லை. அன்று திரும்பி வந்த எங்கள் விமானி ஹாஸ்கெல், கீழே நின்ற என் தொப்பி பறக்கிற அளவுக்குத் தாழ ஓட்டினான். வால் கண்ணாடிக்குப் பின்னால் மேப்ரி கையாட்டிக்கொண்டு போனான். எனக்கு வயிறு எரிந்தது.

பிரெஞ்சுக் கரையோரம் குண்டு போட்டுவிட்டுத் திரும்பினார்களாம். கீழே இருந்து யாரும் சுடக்கூட இல்லையாம். அதே விமானத்தில் போய்வந்த என் சிநேகிதன் டட்டில் என் தோளில் கை போட்டான்.

"அடுத்ததும் இப்படித்தான்டா இருக்கும். முடிச்சிட்டு வந்து சேரு."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். மறுநாள் காலை அவர்களைக் கப்பலுக்கு ஏற்றிக்கொண்டு லாரி வாசலைத் தாண்டியபோது என் மூக்கு தானாகத் திறந்துகொண்டது. நின்ற இடத்திலேயே மூக்கைத் திட்டித் தீர்த்தேன்.

அன்று சாயங்காலமே டாக்டர் நான் பறக்கலாம் என்றார். மேப்ரி தன் சொந்த விமானத்தில் பக்கவாட்டில் நின்று சுடுகிறவன்; அங்கே வாலில் உட்காருகிறவனுக்கு இப்போது சளியாம். அவனுக்குப் பதில் நான்.

மறுநாள் விடியற்காலையில் கூடத்தில் வரைபடத்தின் திரையை விலக்கினார்கள். எங்கள் வழியைக் காட்டுகிற சிவப்பு நூல் கடலைத் தாண்டி, கரையைத் தாண்டி, நேரே பெர்லினுக்குப் போயிருந்தது. எதிரியின் பீரங்கிகள் மொய்க்கிற ஊர் அது என்று பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

மேப்ரி மட்டும் என் பக்கம் சாய்ந்தான். "ஏன் தம்பி, இதுவும் முந்தாநாள் மாதிரிதான இருக்கும்?"

அவனுக்கு இன்னும் இருபத்தொன்பது பாக்கி. எனக்கு இது ஒன்று.

"அப்படித்தாண்ணே," என்றேன்.