மூன்றாவது டேக்

"உள்ளே ரப்பர் வைக்கக் கூடாதுங்க," என்றார் தகனக்கூட ஊழியர், குனிந்து, தாழ்ந்த குரலில்.

நொரியோ பெட்டிக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. அப்பாவின் நெஞ்சின் மேல் குவித்திருந்த வெள்ளைச் சாமந்திகளுக்கு அடியில் அதைச் செருகியிருந்தான். உள்ளங்கை நீளத்தில் சாம்பல் நிற நகம் ஒன்று. அறுபது வருடத்தில் ரப்பர் வெடித்துப் போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதானே. அவர் போட்டிருந்தது."

"எலும்புல ஒட்டிக்குங்க. மன்னிச்சுக்கோங்க."

மிசாவோ தம்பியின் கையை விலக்கி, நகத்தை எடுத்துக் கைப்பையில் போட்டாள். "அந்த மிருக வேஷத்துக்குள்ளேயே கிடந்தது போதும். இப்பவாவது தனியா போகட்டும்."

அறுபத்தோரு வயதிலும் அக்காவிடம் திட்டு வாங்கிய முகத்துடன் நொரியோ நகர்ந்து நின்றான். பெட்டியை மூடினார்கள். இரும்புக் கதவு திறந்து, உள்வாங்கி, மூடியது. ஐம்பது நிமிடமாகும் என்று சொல்லி மாடி அறைக்கு அனுப்பினார்கள்.

அப்பா நிராசாகி தொமெஜிக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. பத்தொன்பது படங்களில் ரப்பர் உடைக்குள் புகுந்து ராட்சத மிருகமாக நடித்தவர். மிருகத்தைப் பார்த்து அலறி ஓடியவர்களின் முகமெல்லாம் போஸ்டரில் வந்தது. ஊரையே மிதித்து நொறுக்கியவரின் பெயர் படத்தின் முடிவில் பொடி எழுத்தில் வரும். சில படங்களில் அதுவும் வராது.

அந்தக் காலத்து ஸ்டூடியோ ஆட்களில் மிச்சம் நான்கு பேர் வந்திருந்தார்கள். தையல் பகுதியில் இருந்த அம்மாள் ஒரு பீர் குடித்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஷாட் முடிஞ்சு அந்த ரப்பர் காலைக் கழட்டிக் கவுத்தா, ஒரு டம்ளர் வியர்வை ஊத்தும். வாயே திறக்க மாட்டாரு மனுஷன். அந்த நடை எங்க பிடிச்சாரு தெரியுமா? எங்க வீட்டுக் கோழிகிட்ட. கொல்லையில குந்திக்கிட்டு மணிக்கணக்கா பாத்துக்கிட்டிருப்பாரு. நாடே பாத்து நடுங்கின மிருகம், பாதி கோழி."

எல்லோரும் சிரித்தார்கள். நொரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். மிசாவோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் படம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. ஜனவரி மாதம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் அம்மா "வந்துட்டாரா?" என்பாள். மிசாவோ எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா," என்பாள். பிறகு கேள்வி நின்றுவிட்டது. இருட்டத் தொடங்கியபோது அப்பா வந்தார். தலை ஈரமாக இருந்தது. நகக்கண்களில் பச்சைச் சாயம். ரப்பர் நாற்றம் அறையெங்கும் பரவியது. "ஷூட்டிங் முடிஞ்சிடுச்சா?" என்று மட்டும் மிசாவோ கேட்டாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார்.

அதன்பிறகு அவரோடு அவள் பேசியதெல்லாம் தேவைக்குத்தான். கடைசி ஆறு வருடம் முதியோர் இல்லத்துக்கு மாதம் ஒருமுறை போனாள். ஆரஞ்சு உரித்து, சுளைகளைத் தட்டில் அடுக்கி வைப்பாள். அரை மணி நேரம் ஆனதும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு," என்று அவரே சொல்லிவிடுவார்.

"மிசாவோ, கொஞ்சம் இப்படி வாம்மா."

ஜன்னலோரம் உசுய் மாமா உட்கார்ந்திருந்தார். எண்பத்தாறு வயது. ஒரு காலத்தில் அப்பாவின் படங்களில் பத்திரிகை நிருபராக வந்து கேமராவோடு ஓடியவர். அம்மா போன பிறகு பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் ஓட்டத்தில் மிசாவோவுக்காக ஓடியதும், சைக்கிள் பழக்கியதும், கல்யாணத்தில் எழுந்து நின்று அவளை வாழ்த்திப் பேசியதும் அவர்தான்.

அவள் பக்கத்தில் அமர்ந்தாள். அவர் கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குத் தண்ணித் தொட்டியில ஷூட்டிங். கடல் சீன். நான் வெளியே போன் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிட்டு, அண்ணனை, உங்கப்பாவை, உடனே வரச் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன்."

மிசாவோ அவர் பக்கம் திரும்பினாள்.

"ஓடிப்போய் டைரக்டர்கிட்ட சொன்னேன். 'வெளிச்சம் போகுது, ஒரு டேக் முடியட்டும், இப்போ சொல்லாதே'ன்னாரு. அதுதான் என் பேரு போஸ்டர்ல வரப்போற முதல் படம். தொட்டி ஓரமாவே நின்னேன். தண்ணிக்குள்ளேருந்து அண்ணன் தலையைத் தூக்கினாரு. அந்த முகமூடிக்குக் கழுத்துலதான் ஓட்டை, அது வழியாத்தான் வெளியே பாப்பாரு. என்னைப் பாத்து, நல்லா வந்துச்சான்னு கையை ஆட்டிக் கேட்டாரு. நல்லா வந்துச்சுன்னு நானும் கையை ஆட்டினேன். அப்புறம் இன்னொரு டேக். அப்புறம் மூணாவது."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். கொஞ்சம் கூடவே இருக்கும்."

கீழே வேறு யாருடைய பெட்டியோ ஒரு வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"காரியம் முடிஞ்ச மறுநாள் நானே போய்ச் சொன்னேன். அடிப்பாருன்னு நினைச்சேன். அடிக்கல. அப்புறம், 'மிசாவோகிட்ட சொல்லிடாதே'ன்னாரு. ஏன்னு கேட்டேன்." அவர் கைத்தடியை மற்ற கைக்கு மாற்றினார். "'அவளுக்கு உன்னைப் பிடிக்கும். இப்போ வேற யாரு இருக்கா அவளுக்கு'ன்னாரு."

தையல்கார அம்மாள் இன்னொரு கதையில் இருந்தாள். அறை மறுபடி சிரித்தது.

"ஐம்பத்தேழு வருஷம், மாமா," என்றாள் மிசாவோ.

"ஆமா."

"என் கல்யாணத்துல பேசினீங்க. அவரு எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாரு."

"ஆமாம்மா. முதல்ல கை தட்டினதே அவருதான்."

அவள் எழுந்து கழிவறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கையை நனைக்காமல் நின்றாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்தபோது எல்லோரும் எழுந்திருந்தார்கள். ஊழியர் வந்து அழைத்துவிட்டார்.

கீழ் அறையில் தட்டு இன்னும் சூடாக இருந்தது. எலும்புகள் வெண்மையாக, ஒழுங்காகக் கிடந்தன.

"கால் எலும்பெல்லாம் அப்படியே நிக்குது," என்றார் ஊழியர். "இந்த வயசுல இப்படிப் பாக்கறது அபூர்வம். பாரம் தூக்கற வேலையா?"

"ஆமா," என்றான் நொரியோ.

ஆளுக்கொரு ஜோடி குச்சிகள் கொடுத்தார்கள். ஒன்று மூங்கில், ஒன்று மரம். இருவர் இருவராக நின்று, ஒரே எலும்பை இரு பக்கமும் பிடித்து எடுத்துக் கலசத்தில் இட வேண்டும். முதல் எலும்பை எடுக்க வேண்டியவர்கள் பிள்ளைகள். நொரியோ எதிர்ப்பக்கம் வந்து நின்றான்.

"நொரியோ, நீ அடுத்ததை எடு," என்றாள் மிசாவோ. பின்வரிசையில் சுவரோரம் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா. இங்க வாங்க."

உசுய் மாமா அசையவில்லை. அவள் காத்திருந்தாள். கடைசியில் கைத்தடியை நொரியோவிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"பாதத்துலேருந்து ஆரம்பிங்க," என்றார் ஊழியர்.

இரண்டு ஜோடிக் குச்சிகளும் குதிகால் எலும்பைப் பற்றின. அவருடைய குச்சி வழுக்கி எலும்பில் தட்டிச் சத்தமிட்டது. மிசாவோ தன் பக்கத்தை விடாமல் பிடித்தபடி, தூக்காமல் நின்றாள். அவருடைய குச்சிகள் மீண்டும் வந்து பற்றி நிலைத்த பிறகு, இருவரும் மெல்லக் கலசத்தின் பக்கம் நகர்ந்தார்கள்.