ஊதாப் பொட்டு வைத்த வைப்பர்

செண்பகனூர் வளைவில் அடைக்கலமேரியின் கடைக்கு முன்னால் வெள்ளை டாக்ஸியை நிறுத்திவிட்டு இறங்கியவன் செல்லப்பாண்டி. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வந்தானோ, ஆனால் வந்தான்.

"யக்கா, வைப்பரு கோடு கோடா இழுக்குது. கீழ மழை பிடிச்சிருச்சாம். கொடைரோட்டுல ரயிலுக்கு ஆள் ஏத்தணும். வெரசா பாத்து விடுங்க."

அடைக்கலமேரி வைப்பர் பிளேடுகளைக் கழற்றினாள். தேய்ந்த வைப்பரைத் தேற்றிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஷாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துணியால் துடைப்பாள். ரப்பர் ஓரத்தை வாட்டர் பேப்பர் என்கிற நைஸ் உப்புத்தாளால் மெல்ல இழுப்பாள். கொஞ்சம் அழுத்தினாலும் ஓரம் போய்விடும். கடைசியில் கிளிசரின் தடவுவாள். மலை வண்டிக்காரர்கள் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள்.

இந்த வேலையை அவள் ஆசைப்பட்டுக் கற்கவில்லை, ஆத்திரத்தில் கற்றாள். முந்தின வருஷத்து ஐப்பசி மழையில் அவள் புருஷன் சைமன், பெருமாள்மலை இறக்கத்தில் கண்ணாடி வழியே ரோடு தெரியாமல் டாக்ஸியைச் சுவரில் கொண்டுபோய் மோதினான். வலது கால் முட்டிக்குக் கீழே போயிற்று. வண்டியில் இருந்தது இற்றுப்போன வைப்பர். "நான் புதுசு போட்டேன், இது என்னோடது இல்ல. என் பொட்டு இதுல இல்ல பாருங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கத்தினான். யார் நம்பினார்கள்? "மாத்துன்னு அன்னைக்கே சொன்னேன், மனுசன் கேக்கல" என்று டாக்ஸி ஸ்டாண்டில் நின்று முதலில் சொன்னவன் இதே செல்லப்பாண்டி. கட்டின பெண்டாட்டியே நம்பவில்லை. கஞ்சத்தனத்தில் காலைத் தொலைத்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்றுதான் அவளும் நினைத்தாள். அதற்குப் பிறகு சைமன் ஸ்டாண்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. கடைக்குப் பின்னாலிருக்கும் அறையே கதி. அந்த இற்றுப்போன பிளேடுகளை மட்டும் தூக்கிப்போட விடாமல் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தான்.

நடுக் கிளிப்பைக் கழற்றிய அடைக்கலமேரியின் கை அப்படியே நின்றது. கிளிப்புக்கு அடியில், தகட்டில், ஊதா நிற நெயில் பாலிஷ் பொட்டு. அடுத்த பிளேடையும் திறந்தாள். அதிலும் இருந்தது.

சைமனின் பழக்கம் அது. ஸ்டாண்டில் சாமான் மாறிவிடும் என்று ஜாக்கியோ ஸ்டெப்னியோ வைப்பரோ, எதை வாங்கினாலும் மறைவான இடத்தில் அவளுடைய நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பான். "என் கையில பூசுனதவிட ஒங்க வண்டியில பூசுனதுதான் கூட" என்று அவள் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாள்.

பக்கத்தில் கிரீஸ் டப்பா இருந்தது. ரப்பரில் ஒரு விரல் தடவினால் போதும், முதல் மழையிலேயே கண்ணாடி மறைந்துபோகும். பாவி, போய்த் தொலையட்டும். விரலை டப்பாவுக்குள் விட்டும் விட்டாள். ஆனால் அப்படி மோதினால் யாரால் மோதினோம் என்றே அவனுக்குத் தெரியாது. சைமன் அப்படித்தான் மோதினான். இவனுக்குத் தெரிய வேண்டும். நாலு பேருக்கும் தெரிய வேண்டும்.

விரலைத் துடைத்துக்கொண்டு, செல்லப்பாண்டி அந்தப் பக்கம் திரும்பி நின்ற நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய பழைய பிளேடுகளை எடுத்துவந்து அவன் வண்டியில் மாட்டினாள்.

"முடிஞ்சிருச்சு தம்பி. போட்டுப் பாருங்க."

தூறல் விழ ஆரம்பித்திருந்தது. செல்லப்பாண்டி ஏறி உட்கார்ந்து வைப்பரைப் போட்டான். அது கறகறவென்று போய்வந்தது. கண்ணாடி முழுக்கச் சேற்றை இழுவிவிட்ட மாதிரி ஆயிற்று. பக்கத்து டீக்கடையில் நின்றிருந்த ஸ்டாண்டு டிரைவர் எல்வின் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது, ஒண்ணுமே தெரியல. யாரோடதையோ மாட்டிட்டீங்க" என்றான் செல்லப்பாண்டி.

"ஏலே, ஒன்னோடதுதான். நல்லாப் பாரு."

அவன் பார்த்தான். சைமன் வண்டியில் மாட்டிவிட்டுப் போன தன் பழைய பிளேடு என்று தெரிந்ததும் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. அடைக்கலமேரி அவன் கொண்டுவந்த பிளேடை எல்வினிடம் நீட்டி, கிளிப்புக்கு அடியில் காட்டினாள். சைமனின் ஜாக்கியில் அதே ஊதாப் பொட்டைப் பார்த்தவன் எல்வின்.

"எடு வண்டிய," என்றாள் செல்லப்பாண்டியிடம். "ரயிலுக்கு நேரமாச்சுல்ல."

சாவியில் இருந்த கை திரும்பவில்லை.

"இத வச்சுக்கிட்டு எறங்க முடியாதுக்கா."

"ஏன்?"

"செத்துருவேன்."

எல்வின் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அது தெரிஞ்சுதான அன்னைக்கு அவரு வண்டியில மாட்டுன?" என்றாள் அடைக்கலமேரி.

"அவசர டிரிப்புக்கா, அவரோடதக் கழத்தி எடுத்துக்கிட்டேன். அவரு அன்னைக்கு வண்டி எடுக்க மாட்டாருன்னு நெனச்சேன். தப்புதான், மன்னிச்சிருங்க."

"மன்னிப்பெல்லாம் சர்ச்சுல சாமியார்ட்ட போய்க் கேளு. எங்கிட்ட அந்தச் சோலியே கெடையாது." ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவினாள். "செத்துருவேன்னு சொன்னேல்ல, அத உள்ள வந்து அவருட்டச் சொல்லு. எல்வினு, நீயும் வா. கேட்டத ஸ்டாண்டுல போய்ச் சொல்லணும்."

பின்னறைத் திரையை அவளே விலக்கினாள். கட்டிலில் இருந்த சைமன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மடியில் இரண்டு பிளேடுகளையும் பொட்டு தெரியும்படி வைத்தாள். தகரக் கூரையில் மழை வலுத்தது.

"சொல்லுலே," என்றாள் அடைக்கலமேரி. "மழைச் சத்தத்துல அவருக்குக் கேக்கணும். சத்தமாச் சொல்லு."