சென்சுவின் கூரைக்கு மேலே

ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் நகரில் ராஸ் டன்லீவி ஆறு மாடி அலுவலகக் கட்டடம் கட்டக் கிளம்பியபோது இடப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், வங்கிக் கடன் எல்லாம் பார்த்த வக்கீல் நான். ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. கிரேனின் நீண்ட கை பக்கத்து டயர் கடைக்கு மேலே சுற்றும். கடைக்காரர் சம்மதிக்காமல் கடனின் முதல் தவணையை விடமாட்டோம் என்று வங்கி சொல்லிவிட்டது.

கடைக்காரர் சென்சு கமில்லேரி மால்டாவிலிருந்து வந்தவர், எழுபதைத் தாண்டியவர். என் மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நேரில் போனேன்.

"கடுதாசி போட்ட வக்கீலம்மா நீதானா?" ஏணியைக் காட்டினார். "ஏறு. மேல பாத்துட்டுப் பேசு."

கூரையில் அறுபது பந்தயப் புறாக்கள். சனிக்கிழமைகளில் ஐநூறு கிலோமீட்டர் பறந்து வந்து இறங்குபவை.

"இறங்குற வழியில இரும்புக் கயிறு தொங்கினா அடிபட்டுச் சாகும். காசு வேண்டாம்மா. சனிக்கிழமை அந்தக் கை என் கூரைக்கு மேல வரக் கூடாது. எழுதிக் குடு, கையெழுத்துப் போடறேன்."

"கூண்டை வேற இடத்துக்கு மாத்தினா?"

"மாத்தலாம். புறா இங்கதான் வரும். அதுக்கு உன் கடுதாசி படிக்கத் தெரியாது."

ராஸிடம் சொன்னேன். "அவ்வளவுதானா? சனிக்கிழமை வேலையை நிறுத்திடறேன். எழுதும்மா ஜூடித்!"

எழுதினேன். அனுப்புமுன் கிரேன் ஓட்டும் டெனீஸிடம் ஒரு சந்தேகம் கேட்டேன்: நிறுத்திய கிரேனின் கை எந்தப் பக்கம் இருக்கும்?

"காத்து தள்ளுற பக்கம். பூட்டி வெச்சா பெருங்காத்துல கிரேனே சாஞ்சிடும். அவுத்துத்தான் விடணும்."

அப்படியானால் நாங்கள் கொடுக்கப்போவது காப்பாற்ற முடியாத வாக்கு. ராஸிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"கெழவனுக்கு என்ன தெரியும்? புறாவைக் கூட்டிக்கிட்டு கோர்ட்டுக்கா போவான்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

"பொய்னு தெரிஞ்சு எழுத மாட்டேன், ராஸ். வேற வக்கீலைப் பாத்துக்குங்க. ஆனா கையை மேல தூக்கி நிறுத்துற கிரேன் இருக்காம். டெனீஸ் சொன்னா. கடையை விட்டுத் தள்ளி அந்த மூலையில நட்டா, காத்துல சுத்தினாலும் அவர் கூரைக்கு வராது."

"வாடகை எவ்வளவுன்னு சொன்னாளா?"

இரண்டு நாள் கத்தினார். புது வக்கீல் காகிதங்களைப் படித்து முடிக்கவே மூன்று வாரமாகும். வங்கி கொடுத்த கெடுவோ பத்து நாள். மூன்றாம் நாள் கிரேனை மாற்றினார்.

நான் திருத்தி எழுதியதைச் சென்சு வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். சனிக்கிழமை வேலை கிடையாது என்பது, தூக்கிய கை, மூலை எல்லாம் இருந்தன. "பெருங்காத்து அடிச்சாலுமா?" என்றார். நான் முதலில் எழுதிய காகிதம் அந்தக் கேள்வியில் பொய்யாகியிருக்கும். "அடிச்சாலும்," என்றேன். கையெழுத்துப் போட்டார்.

கட்டடம் பதினாலு மாதத்தில் எழும்பியது. அதற்குள் ஒரே ஒரு புறாதான் திரும்பி வரவில்லை. அதைப் பருந்து அடித்தது என்று சென்சுவே சொன்னார். ராஸ் தன் அடுத்த கட்டடத்தை வேறு வக்கீலிடம் கொடுத்தார். கொஞ்ச நாள் அது எனக்கு உறுத்தத்தான் செய்தது.