பின் சீட்டில் ஒருத்தி

விடியற்காலை ஐந்தரை. ஆம்புலன்ஸ் தரையில் உறைந்திருந்த ரத்தத்தை அவள் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பினாயில் நெடி கண்ணைக் கரித்தது. ஒன்பதாம் நம்பர் வண்டியின் நர்ஸ் அவள். பின்னால் கூட இருந்த உதவியாளரைப் போன மாதம் கம்பெனி நிறுத்திவிட்டது.

சற்று முன்தான் லாரி மோதிய ஒருவனை ஏற்றி வந்திருந்தார்கள். காயம் தொடை இடுக்கில். அந்த இடத்தில் இறுக்கிப் பட்டை கட்ட வழியில்லை. கையால்தான் அழுத்த வேண்டும். ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி எட்டும் தூரத்தில் இருந்தது. அதை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்கின்றன புதிய ஆராய்ச்சிகள். கையை எடுத்தால் ரத்தம் பீறிட்டது.

“அக்கா, விட்டுறாதீங்க” என்றான் அவன். அவள் விடவில்லை. ஊசியும் போடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவன் பேச்சு நின்றுபோனது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

அறிக்கையில் எழுதினாள்: ‘தனியாக இருந்தேன். மருந்து போட முடியவில்லை.’

எட்டு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

“இந்த வரி எதுக்கும்மா? அடிச்சிடு.”

“நடந்தது அதுதான் சார்.”

“வேகமா ஆஸ்பத்திரி சேத்தா போதும்னு ஆராய்ச்சியே சொல்லுது. அதான் ஆளக் குறைச்சோம்.”

“நானும் படிச்சேன் சார். அந்த ஆராய்ச்சி நடந்த வண்டியில பின்னாடி ரெண்டு பேரு. அந்தப் பக்கத்த நீங்க புரட்டலயா?”

அவர் முகம் சுண்டியது. “நாளைலேர்ந்து டியூட்டிக்கு வராத.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. ஷிப்ட் மாறும் நேரம். ஆட்கள் கடந்து போனார்கள். மூன்று வருடமாகியும் மற்ற வண்டிக்காரர்களில் ஒரு முகம்கூடப் பழக்கமில்லை. வயர்லெஸ்ஸில் கேட்ட குரல்கள்தான்.

“ஒன்பதாம் நம்பரா நீங்க?”

குரல் தெரிந்தது. நாலாம் நம்பர். நிமிர்ந்தால், ஈர்க்குச்சி மாதிரி ஒரு மனிதர்.

“குரல வச்சு உங்கள பயில்வான்னு நெனச்சிருந்தேன்” என்றாள்.

அவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “முந்தாநாள் ஒருத்தருக்கு மூச்சு நின்னுபோச்சு. நெஞ்ச அமுக்குறதா, காத்து குடுக்குறதா? நானும் தனி. எழுத பயந்துட்டேன்.”

மடியில் அறிக்கைத் தாளை வைத்து, விட்டுப்போன வரியை எழுதத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்த இரண்டாம் நம்பர்க்காரி வந்து, “அந்தப் பேனாவ இப்படிக் குடுங்க” என்றாள். பேனா கைமாறிக்கொண்டே போனது.

டிரைவர்கள் சாவியோடு வண்டியருகே நின்றார்கள்; அழைப்பு வந்தால் ஓட வேண்டும். அவளையும் சேர்த்துப் பதினோரு நர்ஸுகள், எழுதிய தாள்களோடு மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார்கள்.

“யாரு?”

அவள் வாய் திறக்குமுன் நாலாம் நம்பரின் குரல் கணீரென்று எழுந்தது:

“எல்லாரும்தான் சார்.”